வலப்பக்கக் கண்ணாடி

நூற்றுப் பதினெட்டுத் தபால் பெட்டிகள் என் பாதையில்.
அத்தனையும் சாலைக்கு வலதுபுறம்.
ஸ்டீயரிங்கோ இடதுபுறம்.
நீள இருக்கையின் நடுவில் உட்கார்ந்து
இடது கால் பிரேக்கை எட்ட
வலது கையை வெளியே நீட்டி நீட்டி
பத்தொன்பது வருடம்.
மொன்டானாவில் இந்த ஆசனத்துக்கு யாரும் பெயர் வைக்கவில்லை.
என் இடுப்பு வைத்திருக்கிறது,
அச்சில் ஏற்ற முடியாத பெயர்.

ஃபோர்டுக்கு ஏழு கழுதை வயது.
ஓட்டுகிற பக்கத்துக் கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை.
வலப்பக்கத்தில்தான் எல்லாம் நடந்தது:
மணல் அரைத்து அரைத்து
மேலிருந்து கீழாக ஆயிரம் கோடு,
வெயில் நாளிலும் அதில் மழை பெய்யும்.
கைப்பிடியைச் சுற்றினால்
மூன்று சுற்று சும்மா போகும்
நாலாவதில் எதுவோ பிடிக்கும்
பாதி ஏறும்
பிறகு அலுத்துப்போய் உள்ளே சரியும்.

போன குளிர்காலம் முழுக்க
ஸ்க்ரூடிரைவர் ஒன்றை ஆப்பாகச் செருகி
பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.
காற்று என் வலது காதுக்குள்
ஒரே சுரத்தில் விசிலடித்தபடி கூடவே வந்தது.

ஏப்ரலில், பனி சேறான ஒரு ஞாயிறு,
கதவைப் பிரித்தேன்.
கைப்பிடியைப் பிடித்திருக்கும் குட்டி வளையம்
தெறித்து எங்கோ போனது.
தேடியே அரைமணி.
(நாய் தின்றிருக்கலாம். நாய் ஒப்புக்கொள்ளவில்லை.)

லைல் ஆஸ்ட்பியின் பழைய இரும்பு மைதானத்தில்
இதே வருடத்து வண்டியொன்று
கோதுமை லாரியில் மோதி, முகமில்லாமல் கிடந்தது.
வலது கதவு மட்டும் ஒன்றும் அறியாதது போல.
"நாற்பது டாலர், நீயே கழற்றிக்கொள்."
முப்பத்தைந்தை நீட்டினேன்.
எண்ணிப் பார்த்தான், இரண்டு தரம்,
வாயைத் திறக்கவில்லை.
கண்ணாடி, ஏற்றி இறக்கும் கம்பிக் கை,
அப்புறம் அந்தக் குட்டி வளையம்.

என் கதவுக்குள் கையை விட்டேன்.
கண்ணாடியை இருபுறமும் கவ்வ வேண்டிய கம்பளிப் பட்டை
வழுக்கையாகிவிட்டிருந்தது.
நடுவே ஒரு விரல் இடைவெளி.
ஒரு விரல்.
அப்போதுதான் வயிற்றில் என்னவோ புரண்டது.

தண்ணீர் வடிய வேண்டிய துளைகள் அடைத்து, சேறு.
உமி. செத்த குளவி. நான் தேடிய பேனா.
அதற்கும் அடியில்
மூன்று தபால்கள்.

ஒரு கடிதத்தையும் தொலைக்காதவள் என்று
போன மாதம்தான் சான்றிதழ் தந்தார்கள்.
சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்,
மார்லிஸ் ஸ்கோகென் என்ற என் பெயரில்
ஓர் எழுத்தை விட்டுவிட்டிருந்தாலும்.

முதலாவது, விதைக் கம்பெனி அட்டை. கம்பெனியே இப்போது இல்லை.
இரண்டாவது, வெர்னா கிட்டில்சனுக்குப் பல் மருத்துவர்:
ஆறு மாதம் ஆகிவிட்டது, வந்து காட்டுங்கள்.
முத்திரைக்குப் பதினொரு வயது.
மூன்றாவது, கையால் எழுதிய உறை.
முகவரியைத் தண்ணீர் குடித்துவிட்டது.
முதல் எழுத்தைக் கே என்றும் படிக்கலாம், ஆர் என்றும்.
ஒட்டிய வாய் மட்டும் பிரியவில்லை.

இருட்டுவதற்குள் புதுப் பட்டை வைத்து
ரிவெட் அடித்து முடித்தேன்.
ஒரே விரலில் ஏறியது, சத்தமில்லாமல்.
பீர் ஒன்று எடுத்துவைத்திருந்தேன் அதற்காக.
திறக்கவில்லை.

திங்களன்று வெர்னா பெட்டியருகே நின்றாள்.
கண்ணாடியை இறக்கி
அட்டையை நீட்டினேன், மன்னிப்பையும்.
கண்ணுக்குக் கிட்டே வைத்து வாசித்தாள்.
பிறகு சிரித்தாள், முழுப் பொக்கைவாயும் தெரிய:
"நல்லவேளை. போயிருந்தால் காசு தண்டம்."

உறையை அலுவலகத்தில் ஒப்படைத்திருக்க வேண்டும்.
விதி அதுதான்.
டாஷ்போர்டில் காய்கிறது இன்னும்
ஹீட்டர் காற்றில் ஓரம் சுருண்டு.
என் பாதையில் கே ஏழு பெட்டி, ஆர் பதினொன்று.
அங்கெல்லாம் தபாலை வைத்த பிறகும்
கண்ணாடியை இறக்கியபடியே
கொஞ்சம் நிற்கிறேன்,
யாராவது வந்து
எதையாவது எதிர்பார்த்தது உண்டா என்று சொல்ல மாட்டார்களா.
ரெட்டிங்கர் வீட்டு நாய் குரைக்கிறது.
திரைச்சீலை அசைகிறது, அவ்வளவுதான்.
ஏற்றுகிறேன்.